சேலாயியின் பொய்க்காயம்

மலையிலிருந்து இறங்கிவரும் காட்டாறு ஒன்று, அடிவாரத்தில் ஆழமான மடுவாகத் தேங்கி நின்றது. அந்த மடுவின் கரையில், நீர்மருது மரத்தின் வேருக்கடியில் சேலாயி என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தது.

சேலாயிக்கு ஒரே மகள். பெயர் அயிரை. அயிரை வளர்ந்த பிறகு, மலைமேல் இரண்டு அருவிகளைத் தாண்டி இருந்த ஓர் ஓடையில் தனக்கொரு துணையைத் தேடிக்கொண்டு அங்கேயே குடிபோனது.

வழியனுப்பும்போது சேலாயி அழவில்லை. "மீன் நிறைய கிடைக்கிற ஓடையாம். நல்லா இரும்மா!" என்று சிரித்தபடியே அனுப்பி வைத்தது. மறுநாள் காலையில் ஒரு கெண்டையைப் பிடித்தது. பழக்கதோஷத்தில் பாதியை மகளுக்கென்று ஒதுக்கி வைத்தது. மாலைவரை அது அப்படியே கிடந்தது. பிறகு சேலாயியே அதையும் தின்றது.

அதே ஆற்றில் கருமாயி என்ற நீர்க்காகமும் இருந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை அது மேலே ஓடைவரை பறந்து போய்வரும்.

"கருமாயி! என் மகளைப் பார்த்தா ஒரு வார்த்தை சொல்றியா?"

"சொல்றேன் அக்கா! என்ன சொல்லணும்?"

"பாறை இடுக்கில தூங்க வேண்டாம்னு சொல்லு. நண்டைக் கொடுக்கோட திங்க வேண்டாம்னு சொல்லு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே மீன் பிடிச்சிரச் சொல்லு. அருவிப் பக்கம் போகவே கூடாதுன்னு சொல்லு. மாப்பிள்ளை பேச்சை எல்லாம் அப்படியே நம்ப வேண்டாம்னு சொல்லு!"

"ஒரு வார்த்தைன்னு சொன்னியே அக்கா!" என்று சிரித்துவிட்டுக் கருமாயி பறந்தது.

முதலில் அயிரையிடமிருந்து நீளமான பதில்கள் வந்தன. "அம்மா, இங்க தண்ணி பல்லெல்லாம் கூசுற மாதிரி குளிருது. மீனெல்லாம் விரல் அளவுதான். ஆனா பாசி மேல சறுக்கி விளையாட நல்ல பாறை இருக்கு" என்று ஒருமுறை சொல்லி அனுப்பியது.

சேலாயி உடனே பதில் அனுப்பியது. "குளிருதா? நான் அப்பவே சொன்னேன்! மீன் சின்னதா இருக்குன்னா நீ பிடிக்கிற இடம் சரியில்லைன்னு அர்த்தம். குடும்பம் ஆன பிறகு சறுக்கு விளையாட்டு எதுக்கு?"

போகப்போக அயிரையின் பதில்கள் குறுகின. கடைசியில், "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பது மட்டுமே வந்தது. மூன்று முறை தொடர்ந்து அதுவேதான் வந்தது.

"அவ்வளவுதானா? நீ வழியில மறந்திருப்பே!" என்று சேலாயி கருமாயியின் மேல் பாய்ந்தது.

"இதுல மறக்க என்ன இருக்கு அக்கா? வளை வாசலுக்கு வந்தா. இதைச் சொன்னா. உள்ளே போயிட்டா!"

தான் என்ன சொல்லி அனுப்பினோம் என்று சேலாயி யோசிக்கவில்லை. மகள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தது.

மடுவின் நாணல் புதரில் சிவந்தி என்ற தாழைக்கோழி கூடு கட்டியிருந்தது. அதன் நான்கு பெண்களும் அதே புதரில்தான் இருந்தன. ஒரு நாள் சிவந்தி நீந்திவந்து பேச்சுக் கொடுத்தது.

"என் பொண்ணுங்க நாலும் நான் ஒரு குரல் கொடுத்தா ஓடி வந்திருதுங்க! உன் மகளைத்தான் ஒரு மழைக்காலமா கண்ணுலயே காணோம், சேலாயி!"

சேலாயிக்குச் சுருக்கென்றது. "ஏன் காணோம்? இந்தப் பௌர்ணமிக்குள்ள வர்றா! நான் கூப்பிட்டு வராம இருப்பாளா?" என்று சொல்லிவிட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் மடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கொக்குகள் விசாரித்தன. ஆமைகள்கூட எட்டிப் பார்த்து, "மகள் வருதாமே!" என்றன. சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும்! சேலாயி கருமாயியைக் கூப்பிட்டது.

"எனக்கு உடம்பு முடியலைன்னு அயிரைகிட்ட சொல்லிடு."

"உனக்கென்ன அக்கா? இப்பத்தானே முழுசா ஒரு விராலைத் தின்னே! நான் கண்ணால பார்க்காததைச் சொல்ல மாட்டேன்!"

அப்படியென்றால் அதன் கண்ணுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்று சேலாயி முடிவு செய்தது.

அடுத்த முறை கருமாயி வந்தபோது, சேலாயி சேற்றில் சுருண்டு கிடந்தது. இடது பின்னங்காலில் செம்மண்ணைக் குழைத்து அப்பியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ரத்தம் போலவே இருந்தது.

"அக்கா! என்ன ஆச்சு?"

"கிட்ட வராதே... முதலை கவ்விருச்சு. நான் பிழைக்க மாட்டேன். என் மகளை ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும்!"

ஒரு மீனைக்கூடப் பிடித்துத் தின்னாமல், கருமாயி வந்த வேகத்தில் மலையை நோக்கித் திரும்பிப் பறந்தது. அந்தப் பசித்த பறவை போவதைப் பார்த்தபோது சேலாயிக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் மகள் வரப்போகிறாள் என்ற மகிழ்ச்சி அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது. அருவிகளைச் சுற்றிக்கொண்டு வந்தால் இரண்டு நாள் ஆகும். அதற்குள் மண்ணை மறுபடி பூசிக்கொள்ளலாம் என்று எண்ணி, காலைக் கழுவிக்கொண்டது.

மறுநாள் நண்பகல். சேலாயி ஒரு பெரிய கெண்டையை மேலே தூக்கிப்போட்டு வாயால் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. சிவந்தியும் ஆமைகளும் வேடிக்கை பார்த்தன.

"என் மகளுக்கு விருந்து! பார்த்துக்கோங்க!" என்றது சேலாயி.

அப்போது மேற்புறத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏதோ வந்தது. அயிரை!

அது அருவிகளைச் சுற்றி வரவில்லை. பாறைகளின் மேலேயே சறுக்கி விழுந்து வந்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. முன்னங்காலில் ரத்தம் வடிந்தது. யாரையும் பார்க்காமல் நேராகத் தாயிடம் ஓடி வந்தது.

"அம்மா! எந்தக் கால்மா?"

சேலாயியின் வாயிலிருந்து மீன் நழுவி விழுந்தது.

அயிரை தாயின் இடது பின்னங்காலை முகர்ந்து பார்த்தது. பிறகு வலது காலை. பிறகு முன்னங்கால்கள் இரண்டையும். வயிற்றை மூக்கால் மெல்ல அழுத்திப் பார்த்தது. "எங்கம்மா கடிச்சுது? வலிக்குதா? காயம் உள்ளே ஏதும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

தாய் பொய் சொல்லியிருக்கும் என்ற எண்ணம் அதற்கு வரவேயில்லை. சேலாயியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. மகள் ஒரு கடி கடித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்!

"காயம் இல்லைடி" என்றது சேலாயி, தரையைப் பார்த்தபடி.

"ஆறிடுச்சா?"

"காயமே படல. முதலையும் வரல. நீ வரணும்னு பொய் சொன்னேன்."

சிவந்தி நாணலைக் கொத்துவதுபோலத் திரும்பிக்கொண்டது. அயிரைக்கு மேலாகவே துணைக்குப் பறந்து வந்து கிளையில் அமர்ந்திருந்த கருமாயி, தன் நீண்ட கழுத்தை மறுபக்கம் திருப்பியது.

அயிரை அப்படியே மணலில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக வெள்ளையாக ஏதோ விழுந்தது. சேலாயியின் மூக்கில் பால் வாசனை ஏறியது.

"அயிரை! நீ குட்டி போட்டிருக்கியா?"

"மூணு. பன்னிரண்டு நாளாச்சு. இன்னும் கண் திறக்கல."

"ஐயோ! யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"அவரு அணைச்சுட்டுப் படுத்திருக்காரு. ஆனா பாலுக்கு என்ன பண்ணுவாரு? நாத்தனார்கிட்ட கெஞ்சிக் கேட்டுட்டு வந்தேன். அவளுக்கே நாலு குட்டி இருக்கு."

"என்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று சேலாயிக்குத் தோன்றியது.

"வயித்துல இருக்கும்போதே சொல்லத்தான் நினைச்சேன்மா" என்றது அயிரை. "குளிருதுன்னு சொன்னேன். நான் அப்பவே சொன்னேன்னு பதில் வந்துச்சு. மீன் சின்னதுன்னு சொன்னேன். எனக்குப் பிடிக்கத் தெரியலைன்னு வந்துச்சு. எதைச் சொன்னாலும் நான் தப்பு பண்ணின மாதிரியே திரும்பி வந்துச்சு. அதான், குட்டிங்க கண் திறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆனா நீ சாகக் கிடக்குறேன்னு கேட்டதும் எனக்கு வேற எதுவும் தோணலம்மா."

அயிரை எழுந்தது.

"நானும் கூட வர்றேன்!" என்று சேலாயி பதறியது.

"வேண்டாம்மா. இப்ப வேண்டாம்."

அதன் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. சேலாயி கீழே கிடந்த கெண்டையை மகள் பக்கம் மெல்லத் தள்ளியது. அயிரை ஒரு கணம் தயங்கியது. பிறகு, "பால் ஊறணுமே" என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாகத் தின்றது. நொண்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கி, மலையை நோக்கி நீந்திப் போய்விட்டது.

கருமாயி கிளையிலிருந்து பேசியது. "நான் பார்த்ததை மட்டும்தான் சொல்வேன்னு தெரிஞ்சுதானே, எனக்கே பொய்யைக் காட்டினே? இனிமே உன் சேதி எதையும் நான் சுமக்க மாட்டேன் அக்கா!"

அதுவும் பறந்து போனது.

சேலாயி வளைக்குள் போய் வாலுக்கடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. குட்டிகள் பிழைத்தனவா என்றுகூடத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. தான் ஏமாற்றித் தாயைப் பிரித்த குட்டிகளுக்கு, முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி பால் கொடுக்கிறாள். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. நாட்கள் போயின. ஆறு மேலேயிருந்து வந்து மடுவில் விழும் இடத்தில் சேலாயி தினமும் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தது.

ஒரு நாள் தானாகவே சிவந்தியிடம் போனது.

"சிவந்தி, நான் கூப்பிட்டு என் மகள் வரல. நான் ஏமாத்தித்தான் வந்தா. கூப்பிட்டா வரமாட்டாளோன்னு பயம். அதை மறைக்கத்தான் உன்கிட்ட பெருமையடிச்சேன்."

சிவந்தி சிரிக்கும் என்று சேலாயி எதிர்பார்த்தது. சிவந்தி சிரிக்கவில்லை.

"என் நாலாவது பொண்ணு என்னோட பேசி ரெண்டு மாசமாச்சு" என்றது மெதுவாக. "அதோ, அந்தப் புதர்லதான் இருக்கா. நான் குரல் கொடுத்தா மூணுதான் வரும். உன்கிட்ட நாலுன்னு சொன்னேன்."

இரண்டும் அருகருகே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அயிரை திரும்பிப் போன பத்தாம் நாள் கருமாயி மருதமரத்தில் வந்து இறங்கியது. சேலாயி கேட்கத் துணியாமல் நின்றது. கருமாயியே சொன்னது.

"மூணும் இருக்கு. ரெண்டு தேறிருச்சு. கடைசிக்குட்டி மட்டும் நாத்தனார்கிட்ட பால் குடிக்கவே இல்லையாம். துவண்டு கிடந்துச்சு. இப்பத்தான் தலையைத் தூக்குது."

சேலாயி மரத்தடிக்கு நெருங்கி வந்தது. பிறகு, "உன்னை ஏமாத்தினேன் கருமாயி. என்னை மன்னிச்சிரு. எனக்காகச் சேதி கொண்டு போன்னு நான் கேட்க மாட்டேன்" என்றது.

கருமாயி இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்தியது. "ஒரே ஒரு சேதின்னா எடுத்துட்டுப் போறேன். உண்மையா இருக்கணும்!"

"அம்மா செஞ்சது தப்புன்னு சொல்லு. வெட்கப்படுறேன்னு சொல்லு. பதில் அனுப்பணும்னு கட்டாயம் இல்லைன்னு சொல்லு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

பதில் வரவில்லை. "கேட்டுக்கிட்டா. ஒண்ணும் சொல்லல" என்றது திரும்பி வந்த கருமாயி. சேலாயி குறை சொல்லவில்லை. அடுத்த முறை தன்னைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பியது. மடுவில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றும், ஒரு விராலைத் துரத்தப்போய்ச் சேற்றில் தலைகுப்புற விழுந்தேன் என்றும், ஆமைகள் எல்லாம் பார்த்துவிட்டன என்றும் சொல்லச் சொன்னது. அதற்கும் பதில் இல்லை. "லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குச் சரியாத் தெரியல" என்றது கருமாயி.

இப்படியே சில வாரங்கள் போயின. பிறகு ஒரு காலையில் கருமாயி வேகமாக வந்து இறங்கியது.

"அக்கா! உன் மகள் சேதி அனுப்பியிருக்கா! கடைசிக்குட்டி தண்ணியில இறங்கவே மாட்டேங்குதாம். இழுத்தா மலையே கேட்கிற மாதிரி கத்துதாம். 'நானும் இப்படிக் கத்தினேனாம்மா?'ன்னு கேட்கச் சொன்னா!"

சேலாயி வாயைத் திறந்தது. முதலில் ஆழமில்லாத இடத்தில் விடு, கழுத்தைக் கவ்விப் பிடி, வெயில் இருக்கும்போது இறக்கு என்று எத்தனையோ யோசனைகள் முண்டியடித்துக்கொண்டு நாக்கின் நுனிக்கு வந்தன. கருமாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

சேலாயி வாயை மூடிக்கொண்டது. மகள் என்ன கேட்டது என்று இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது.

"ஆமா, நீயும் கத்தினேன்னு சொல்லு. உன்னைவிட எனக்குத்தான் பயம் அதிகமா இருந்துச்சுன்னு சொல்லு. ஒண்ணும் தெரியாம மூணு நாள் ரெண்டு பேரும் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நான்கு நாள் கழித்துக் கருமாயி திரும்பி வந்தது. வந்ததும் மூச்சு வாங்கக் கிளையில் சாய்ந்தது.

"கொஞ்சம் பொறு அக்கா! இந்தத் தடவை உன் மகள் நிறைய சொல்லியிருக்கா. ஒண்ணுகூட விடாமச் சொல்லணும்!"

சேலாயி கரையேறி வந்து உட்கார்ந்தது. செய்த தப்பை நினைத்து அதற்கு இன்னும் தலையை முழுதாக நிமிர்த்த முடியவில்லை. ஆனால் காதுகள் இரண்டையும் நன்றாக விரித்து வைத்துக்கொண்டது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டது.

தொலைவில் வாழும் பிள்ளையைப் பொய் சொல்லிப் பக்கத்தில் வரவழைக்கிறவர் அந்தப் பிள்ளையை இன்னும் தூரமாக்குகிறார். உள்ளதைச் சொல்லி, பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவரே தூரத்திலிருந்தும் நெருங்கியிருக்கிறார்.