இரண்டு பக்கப் பலகை

ஆற்றங்கரை நாணல் காட்டில் விரால் என்றொரு நீர்நாய் வாழ்ந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். மூத்தது பெண், பெயர் அயிரை. இளையது ஆண், பெயர் கெண்டை. அந்தக் கரை நீர்நாய்கள் தங்களுக்குப் பிடித்த மீனின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைக்கும்.

குட்டிகளின் அம்மாவை முதலை கொண்டுபோய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. அன்று விடிந்ததும், அம்மா ஆற்றில் இறங்கும் முன்பே, இன்னொரு நீர்நாய் அந்த முதலையைப் பார்த்திருக்கிறது. பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஒரு வழக்கம் வந்தது. ஆற்றுக்குப் போய் வருகிறவர் தாம் கண்டதைக் களிமண் தொட்டுப் பலகையில் வரைந்துவிட வேண்டும். பலகையைப் பார்க்காமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

விராலின் வீட்டிலும் ஒரு பலகை இருந்தது. அதன் முன்னால் நின்றுதான் குட்டிகள் இரண்டும் தினமும் அடித்துக்கொள்ளும். ஒரு நாள் அயிரை ஆற்று வளைவில் கண்ட ஓர் ஆமையை வரைந்தது.

"ஆமையா? அது பாறை. உனக்குக் கண்ணு முதுகிலே இருக்கு" என்று சொல்லி, கெண்டை அதை வாலால் அழித்தது.

"பாறை எங்கேடா நகரும்? நீ பாக்கும்போது தூங்கிக்கிட்டு இருந்திருக்கும், உன்னை மாதிரி."

கெண்டை பாறையை வரைந்தது. அயிரை அதை அழித்தது. பிறகு இரண்டும் கத்திக்கொண்டே கரைக்கு ஓடி, நேரிலேயே பார்த்துவிட்டு வந்தன. ஆமைதான். தோற்றுப்போன கெண்டை அன்று முழுக்க அக்காவோடு பேசவில்லை. மறுநாள் பேசிவிட்டது.

விராலின் காதில் விழுந்ததெல்லாம் கத்தல் மட்டும்தான். மனைவி போனதிலிருந்து மீன் பிடிப்பது, படுக்கைக்குக் காய்ந்த புல் கொண்டுவருவது, குட்டிகளுக்கு ஈரம் துவட்டுவது எல்லாம் அதன் தலையில் விழுந்திருந்தது. கொஞ்சம் காலை நீட்டினால் போதும் என்று வீட்டுக்கு வரும். வந்தால் சண்டை. ஒரு நாள் குட்டிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் பலகை இரண்டாகப் பிளந்துபோனது.

மறுநாள் விரால், ஆற்றில் மிதந்து வந்த உளுத்த கிளை ஒன்றை இழுத்துக்கொண்டு தச்சு வேலை செய்யும் மரங்கொத்தியிடம் போனது. கிளை நிறையப் புழு. அதுதான் கூலி.

மரங்கொத்தி மூன்று விதமாகக் காட்டியது. ஒன்று, மூன்று கால் வைத்த அகலமான பலகை. இரண்டு குட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரையலாம். இன்னொன்று, ஆளுக்கொன்றாக இரண்டு சின்னப் பலகைகள். கடைசியாக ஒன்று, இரண்டு பலகைகளை மேலே ஓர் ஆப்பு வைத்துச் சேர்த்து, கீழே காலை அகட்டிக் கூரை போல நிறுத்தியது. ஒரு குட்டி இந்தப் பக்கம், ஒரு குட்டி அந்தப் பக்கம்.

விரால் அகலப் பலகையின் முன்னால் நெடுநேரம் நின்றது. இழைத்த மரத்தில் ஒரு சிராய் இல்லை.

"இதிலே ரெண்டுக்கும் தோளோட தோள் இடிக்குமே, தச்சரே."

"இடிக்கும்தான். ரெண்டு பிள்ளை இருந்தா இடிக்காம?"

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நாலு. அதனாலதான் பொழுதுக்கும் வெளியிலேயே கொத்திக்கிட்டுத் திரியறேன்."

விராலுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னப் பலகைகளை வாங்கிப் போனால் எது பெரியது என்று அதற்கும் ஒரு சண்டை வரும். கூரை போல நின்ற பலகையை அது சுற்றிச் சுற்றி வந்தது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியுமா என்று கேட்டது.

"ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. படமும் தெரியாது" என்ற மரங்கொத்தி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "படம் தெரிய வேண்டாமா? உங்க ஆளுங்க அதுக்குத்தானே வரையறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? காலையிலே ரெண்டு பக்கமும் பாத்து நானே சொல்லிடுவேன்."

மரங்கொத்தியின் கண் அதற்குள் கிளையில் நெளிந்த புழுவின் மேல் போய்விட்டது.

பலகையை வீட்டில் நிறுத்திய கையோடு விரால் ஒரு சட்டமும் போட்டது. அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்க்கிறவருக்கு அன்றைக்கு மீன் கிடையாது.

முதல் வாரத்தில் கெண்டை இரண்டு முறை எட்டிப் பார்த்து, இரண்டு முறையும் பட்டினி கிடந்தது. பிறகு பழகிக்கொண்டது. வீடு அமைதியானது. விரால் தினமும் காலையில் பலகையைச் சுற்றி வந்து, இங்கே சுழல் இருக்கிறது, அங்கே கரை சரிந்திருக்கிறது என்று இருவருக்கும் சொல்லும். பக்கத்து நீர்நாய்கள் வந்து பார்த்து, பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று மெச்சிவிட்டுப் போயின. குட்டிகள் முன்பு போல ஒன்றாகக் கரைக்கு ஓடுவதில்லை என்பதை விராலும் கவனித்தது. ஒன்று நண்பகலில் போனால் இன்னொன்று மாலையில் போனது. சண்டை இல்லையே, அது போதும் என்று இருந்துவிட்டது.

மழை பிடித்தது. மலையில் பெய்த மழைக்கு ஆறு பொங்கியது. மீன் தேடி அக்கரைக்குப் போன விரால், வெள்ளத்தில் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டது.

அன்று நண்பகலில் கெண்டை ஓர் இடத்தைக் கண்டது. கரையில் நின்ற அத்திமரத்தின் வேர்களுக்குள் வெள்ளத்துக்குப் பயந்த மீன்கள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. ஓடி வந்து தன் பக்கத்தில் அத்திமரத்தை வரைந்து, அதன் அடியில் இடம் போதாமல் மீன்களாக வரைந்து தள்ளியது.

மாலையில் அதே அத்திமரத்தடியில் அயிரை ஒரு கட்டையைக் கண்டது. கட்டை கண்ணைத் திறந்தது. அயிரை மூச்சு வாங்க ஓடி வந்து தன் பக்கத்தில் அத்திமரத்தையும் அதன் அடியில் முதலையையும் வரைந்தது. பற்களை மட்டும் இரண்டு முறை அழுத்தி வரைந்தது. கெண்டை மூலையில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. காலையில் அப்பா வந்து பார்த்துச் சொல்லிவிடுவார். அதுதானே இத்தனை நாள் நடக்கிறது.

காலையில் அப்பா வரவில்லை. கெண்டைக்குப் பசி. அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. வழக்கத்தை மீறாமல் அது பலகையின் முன்னால் போய் நின்றது. தன் பக்கத்தைப் பார்த்தது. அங்கே மீன்கள் இருந்தன. ஆற்றுக்குப் போனது.

வெயில் ஏறியபின் வெள்ளம் சற்றுத் தணிந்தது. வாயில் இரண்டு மீன்களோடு நீந்தி வந்த விராலைக் கரையில் ஆமை நிறுத்தியது.

"உன் பையன் அத்திமரத்தடிக்குப் போனான். நான் கூப்பிட்டேன். ஆமையோட குரல் எவ்வளவு தூரம் போகும், விரால்?"

அத்திமரத்தடியில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

வீட்டில் அயிரை பலகைக்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. ஆமை அங்கேயும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது.

"நான் வரைஞ்சு வெச்சிருந்தேன் அப்பா. பெரிசாத்தான் வரைஞ்சேன். அவன் ஏன் பாக்கலே?"

விரால் வாயில் இருந்த மீன்களைக் கீழே வைத்தது. அயிரையே சொன்னது.

"பாத்தா மீன் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

விரால் பலகையின் மேலே இருந்த ஆப்பைப் பல்லால் பிடுங்கியது. இரண்டு பலகைகளையும் பிரித்து, தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. இதிலும் ஓர் அத்திமரம், அதிலும் ஓர் அத்திமரம். வளைந்த கிளைகூட ஒன்றுபோல இருந்தது. ஒன்றின் அடியில் மீன்கள். மற்றதன் அடியில் முதலை.

ஒரே பலகையாக இருந்திருந்தால் குட்டிகள் இரண்டும் அந்த ஓர் இடத்துக்காகக் கத்தியிருக்கும். ஒன்று வரைந்ததை ஒன்று அழித்திருக்கும். கரைக்கு ஓடி, எட்ட நின்று பார்த்துவிட்டு வந்திருக்கும். தோற்றுப்போன கெண்டை அன்று முழுக்க யாரோடும் பேசியிருக்காது. மறுநாள் பேசியிருக்கும்.

பிள்ளைகளின் சண்டை ஓய வேண்டும் என்று நடுவில் தடுப்பு வைக்கிறவர், ஒருவர் கண்ட ஆபத்து மற்றவர் கண்ணில் படும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்.