மல்லப்பனைத் தூக்கிய தண்ணீர்

முன்னொரு காலத்தில் முத்தாற்று நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் அவர் போட்ட உத்தரவு மதியம் அவருக்கே பிடிக்காது.

அவருடைய சேனாதிபதி மல்லப்பன், மலை மாதிரி ஆள். மந்திரி வயிரவராயரோ ஊதினால் பறந்துவிடுவார். எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரியையே கூப்பிடுவதில் மல்லப்பனுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் சபையில் அவன் தொடையைத் தட்டினான். "மகாராஜா, என்னைத் தூக்க இந்த நாட்டில் ஆள் உண்டா?"

"ஆள் எதற்கு? ஒரு குடம் தண்ணீர் போதுமே!" என்றார் வயிரவராயர், வாய் சும்மா இருக்காமல்.

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நாளைக்கே தூக்கிக் காட்டும்! தூக்காவிட்டால் மந்திரி பதவி மல்லப்பனுக்கு!"

எடை கூடட்டும் என்று மல்லப்பன் அன்று இரண்டு பங்கு சாப்பிட்டான். வயிரவராயருக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் சபை நடுவே ஒரு பெரிய எருமைத்தோல் பை கிடந்தது. உள்ளே தண்ணீர். வாயை இறுகத் தைத்து, ஓரத்தில் ஒரு நீண்ட மூங்கில் குழாயை மட்டும் நட்டுவைத்தாற்போல் செருகியிருந்தார்கள். பையின்மேல் ஒரு பலகை.

"ஏறுங்கள், சேனாதிபதி."

மல்லப்பன் ஏறி மீசையை முறுக்கினான். மந்திரி முக்காலிமேல் நின்று, ஒரு குடத்திலிருந்து மூங்கில் வாயில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. சபை சிரித்தது. மந்திரி விடாமல் மேலும் ஊற்றினார். பலகை லேசாக அசைந்தது. குடம் காலியாவதற்குள் மல்லப்பன் நான்கு விரற்கடை உயர்ந்துவிட்டான்!

"இது என்ன மாயம்?" என்றார் ராஜா.

"மாயமில்லை, மகாராஜா. அடைபட்ட தண்ணீர் அரண்மனை வம்பு மாதிரி. ஒரு மூலையில் அழுத்தினால் எல்லா மூலைக்கும் குறையாமல் போய்ச் சேரும். குழாயில் தண்ணீர் உயர உயர அழுத்தம் கூடும். அது ஒரு விரலகல இடத்தை எவ்வளவு அழுத்துகிறதோ, பலகைக்கு அடியில் ஒவ்வொரு விரலகல இடத்திலும் அவ்வளவு அழுத்தம். எல்லாம் சேர்ந்தால் சேனாதிபதியே மேலே!"

"பொய்!" என்று கத்தி, மல்லப்பன் ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

மூங்கிலிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து நேராக ராஜாவின் தலையில் விழுந்தது. கிரீடத்திலிருந்து சொட்டுச் சொட்டாய் வடிந்தது. ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு மந்திரி பக்கம் திரும்பினார்.

"மந்திரி, இதற்கு என்ன தண்டனை?"

"தண்டனையா? நான் வாயால் சொன்னதைச் சேனாதிபதி காலால் மெய்ப்பித்தார், மகாராஜா!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "மல்லப்பா, உனக்கும் ஒரு வேலை. என் உடை காயும்வரை விசிறு!"

வாள் பிடித்த கை விசிறி பிடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மல்லப்பன் மந்திரியின் காதருகே குனிந்தான்.

"ஏனய்யா... என் குதிரையோடு ஏறினாலும் தூக்குமா?"

"தாராளமாக. மூங்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கவேண்டும்."