எமிலியின் குரலில் குறைந்தது

ஒலிப்பதிவு கற்பிக்கும் வஹீதாவிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவர் தேவசகாயம். ஆசிரியையைவிடவும் மூத்தவர். மனைவி எமிலி இறந்த பிறகு வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், எமிலி பாடின பாட்டெல்லாம் இருந்த டிஸ்க் வெள்ளத்தில் போயிடுச்சு. அவ தங்கச்சிக்கு அனுப்பின எம்பி3 மட்டும்தான் மிச்சம்."

"கேட்கிறீங்களா?"

"இல்லை. சின்ன ஃபைலா எம்பி3 ஆக்கும்போது பதிவில் பாதிக்கு மேல வெட்டி எறிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க. போட்டாலே ஏதோ குறையுது. அவ குரலில் எது போச்சோன்னு இருக்கு. உடனே நிறுத்திடுறேன்."

வஹீதா அவர் போனில் அந்தப் பாட்டுகளின் தரத்தைப் பார்த்துக்கொண்டார். அன்று காலை ஒரு பெண் தம்புராவோடு பாடிய பதிவை எடுத்தார். எமிலியின் பாட்டுகள் இருந்த அதே தரத்தில் அதை ஒரு எம்பி3 ஆக்கினார். மிகச் சிறிதாக நசுக்கி இன்னொன்றும் செய்தார். ஹெட்ஃபோனை நீட்டினார்.

"எது ஓடுதுன்னு எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் மாத்தி மாத்திப் போடும். அசல் எதுன்னு சொல்லுங்க."

நசுக்கிய பதிவு வந்ததுமே தேவசகாயம் கையைத் தூக்கினார். "இது இல்லை. 'ச' வர்ற இடமெல்லாம் தண்ணிக்குள்ள கேட்கிற மாதிரி இருக்கு."

"காது நல்லாத்தான் இருக்கு. இனி இதை எடுத்துடலாம்."

மற்ற இரண்டும் மாறி மாறி ஓடின.

"இதுதான் அசல். மூச்சு தெளிவா இருக்கு" என்றார். அடுத்த முறை தயங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சொன்னதை மாற்றினார். மறுபடியும் கேட்டார். வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது.

வஹீதா திரையை அவர் பக்கம் திருப்பினார். சரியும் தவறும் ஏறக்குறைய சமம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

தேவசகாயம் திரையை விட்டுவிட்டு வஹீதாவைப் பார்த்தார்.

"அப்போ எமிலி பாட்டில் எனக்குக் குறைஞ்சது என்ன டீச்சர்?"

"பாட்டு முடிஞ்சதும் அடுத்த அறையிலிருந்து அவங்க எழுந்து வரல சார்."

"அசல் இருந்திருந்தாலும்...?"

"வந்திருக்க மாட்டாங்க."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்களைத் துடைத்தார். பிறகு தன் போனை எடுத்து ஒலிபெருக்கியில் இணைத்தார்.

எமிலி பாடினாள். இந்த முறை அவர் நிறுத்தவில்லை. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று சிரித்துவிட்டார்.

"இங்கே வந்தா எப்பவும் சுருதி இறங்கிடுவா. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

வஹீதாவும் சிரித்தார்.

"பாருங்க, அந்தக் குறைகூடக் குறையாம இருக்கு."