செவ்வாய்க்கிழமை எது?

"உபதேசியாரே, இனிமே நான் கோயிலுக்கு வரல. கோவிச்சுக்காதீங்க."

சொன்னவர் மனாசே. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்தக் கிறிஸ்தவக் கோயிலை நடத்தும் உபதேசியார் தனசீலனைவிட இருபது வயது மூத்தவர்.

"ஏன் அண்ணாச்சி?"

"எப்சிபாள் போனதுலருந்து ஆராதனைக்கு ரெண்டாம் மணி அடிக்கையில வாறேன், உக்காருறேன், போறேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்தாப்ல இருக்கு. மனசுல ஒரு சந்தோஷமும் இல்ல. எதுக்குச் சும்மா இடத்தை அடைக்கணும்?"

உபதேசியார் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். இறந்துபோன மனாசேயின் மனைவி எப்சிபாள் கடைசியாகக் கைப்பிடி அரிசி கொண்டுவந்த பை.

"இதை ஒருதரம் நிறைச்சுக் கொண்டாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

மனாசே வாங்கிக்கொண்டார்.

தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து, யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபித்துத் தனியே போட்டுவைப்பது அந்த ஊர் சபையின் வழக்கம். ஞாயிறன்று அதைக் காணிக்கையாகப் படைப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் எப்சிபாள்தான் செய்தாள். மனாசே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சட்டை போடும்போதுதான் பை ஞாபகம் வந்தது. மூட்டையிலிருந்து ஏழு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டாம் மணி அடிக்கும்போது வியர்க்க வியர்க்க வந்து நீட்டினார்.

உபதேசியார் பைக்குள் பார்த்தார்.

"இதுல செவ்வாய்க்கிழமை எது அண்ணாச்சி?"

மனாசே பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"எல்லாம் இப்ப அள்ளுனதுதான்."

உபதேசியார் சிரித்துவிட்டு, அரிசியைக் கூடையில் கொட்டி, பையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒரு பிடி எடுத்தார். எப்சிபாள் பெயர்தான் வாயில் வந்தது. அவளைத் தந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அழுதார். உலை பொங்கி அடுப்பை அணைத்தது.

செவ்வாய்க்கிழமை, சாலமோன் டெய்லர். கோயிலில் மனாசேயோடு ஒரே பெஞ்சில் உட்காருபவர். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதமாக வீட்டோடு கிடந்தவர், இப்போதுதான் எழுந்து நடக்கிறார். காலையில் சொன்ன பெயர் நாள் முழுக்க மனாசேயை விடவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

டெய்லர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "என்னை யாரும் தேடலன்னு நெனச்சேன்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. நான் இடம் பிடிச்சு வைக்கேன்."

புதன், வியாழன், வெள்ளி, சனி. நாளுக்கு ஒரு பெயர்.

ஞாயிறன்று முதல் மணி அடிக்க வந்த உபதேசியார் நின்றுவிட்டார். கோயில் வாசலில் மனாசே. உள்ளே பெஞ்சில், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல அவருடைய துண்டு விரித்துக் கிடந்தது.

உபதேசியார் பையை வாங்கினார்.

"இதுல செவ்வாய்க்கிழமை எது அண்ணாச்சி?"

மனாசே பையைப் பார்க்கவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மகளின் தோளைப் பிடித்தபடி, ஒவ்வொரு எட்டாக ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

"அந்தா வாறாரு உபதேசியாரே!"

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.