கடைசிச்சாமி

ஊர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்குக் கட்டுவது என்று பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்ட வருடம், திருமேனி வீட்டை விட்டுக் கிளம்பினார். தலையில் சுற்றும் ஒரு முழத் துணிக்கு இவ்வளவு ரத்தமா என்று மனசு விட்டுப்போய், ஆற்றங்கரையில் மங்களத்தாயின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். தாய்க்கு அவரைவிட வயது குறைவு. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. உறுத்தியது வேறு.

மடத்தில் வந்து சேர்ந்த வரிசைப்படிதான் பந்தி. கடைசியாக வந்தவருக்குக் கடைசி இலை. வாளி அங்கே வரும்போது சாம்பாரில் பருப்பு இருக்காது. பாயசம் வந்தே சேராது. சாப்பாடு முடிந்ததும் சோற்று அண்டாவைத் தேய்ப்பதும் கடைசி ஆள்தான். அந்த ஆளுக்குப் பேர்கூடக் கிடையாது. எல்லோரும் 'கடைசிச்சாமி' என்றே கூப்பிட்டார்கள். அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும்போது அந்தக் குரல் கேட்டால் திருமேனிக்குக் கண் கலங்கிவிடும்.

ஒரு நாள் துணிமூட்டையோடு தாயின் முன்னால் வந்து நின்றார்.

"நான் போறேன் தாயி."

"எங்க?"

"அதுதான் தெரியல. மேல, கீழன்னு ஊர்ல அடிச்சுக்கிறாங்கன்னுதான் இங்க வந்தேன். எல்லாத்தையும் விட்டவங்க இருக்கிற எடத்துலயும் இதுதானா? வந்த நாள்லேர்ந்து ஒருத்தராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

தாய் மூட்டையைப் பார்த்தார்.

"கோழியப் பாத்துக்கிட ஆள் இல்ல ஐயா. கொஞ்ச நாள் பாருங்க. அதுல எது கடைசின்னு வந்து சொல்லுங்க. அப்புறம் போகலாம்."

பக்கத்துக் காளி கோயிலுக்கு நேர்ந்துவிடும் கோழிகளை அறுக்கவிடாமல் தாய் வாங்கி வளர்த்துவந்தார். போகிறவனைப் பிடித்துக் கோழி மேய்க்கச் சொல்கிறாரே என்று திருமேனிக்குக் கடுப்புதான். இருந்தாலும் கூட்டுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

பார்க்கப் பார்க்க விஷயம் புரிந்தது. புள்ளிக்கோழி வந்தால் மற்றவை எல்லாம் ஒதுங்கும். அதனிடம் கொத்து வாங்கிய கறுப்புக்கோழி, திரும்பிச் செவலையைக் கொத்தும். செவலை தன் பங்குக்கு அடுத்ததைக் கொத்தும். இப்படியே கீழே இறங்கி, கடைசியில் எல்லாக் கொத்தும் ஒரு சாம்பல் நிறக் கோழியின் தலையில் வந்து விழும். அதன் கழுத்தில் இறகே இல்லை. அது மட்டும் யாரையும் கொத்தவில்லை.

திருமேனிக்கு அதன்மேல் உயிராகிவிட்டது. மடியில் அரிசி கட்டிக்கொண்டு போய், மற்றதையெல்லாம் விரட்டிவிட்டு அதற்கு ஊட்டினார்.

"சாம்பல் கோழிதான் தாயி கடைசி. பாவம், அது யாரையும் கொத்தறதில்ல."

"அதுக்கு அலகு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் கொத்தல?"

"நல்ல மனசு தாயி. வேற என்ன?"

"சரி. இன்னும் கொஞ்ச நாள் பாருங்க."

அந்த வாரம் மடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத ஆள். தாய் அவரைத் திருமேனியிடமே ஒப்படைத்தார். அவர் கும்பிட்டுத் தன் பேரைச் சொன்னபோது, திருமேனி அண்டா தேய்க்கத் தேங்காய் நார் தேடிக்கொண்டிருந்தார். நாரையும் சாம்பலையும் அவர் கையில் கொடுத்து, அண்டாவை எப்படிச் சாய்ப்பது, எங்கே அடிப்பிடிக்கும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

பந்தியில் திருமேனி ஓர் இலை மேலே ஏறினார். அன்றைக்குப் பாயசம் அவர்வரை வந்தது. ஒரு முந்திரிகூட இருந்தது. துணிமூட்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு வந்த ஒரு பெண் சின்னக் கோழி ஒன்றை நேர்ந்துவிட்டுப் போனாள். தாய் அதை வாங்கிவந்து கூட்டுக்குள் விட்டார்.

மறுநாள் காலையில் திருமேனி மடியில் அரிசியோடு கிளம்பினார். போகிற வழியில் பின்கட்டைப் பார்த்து, "கடைசிச்சாமி! அடியில அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு, நல்லாச் சொரண்டும்!" என்று ஒரு குரல் கொடுத்தார். கூட்டுப் பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சின்னக்கோழி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தலையெல்லாம் ரத்தம். அதன்மேல் ஏறி நின்று, விடாமல் கொத்திக்கொண்டிருந்தது சாம்பல் கோழி.

அடிபட்ட கோழியை வாரி எடுத்துக்கொண்டு தாயிடம் ஓடினார்.

"பாருங்க தாயி, அந்தத் துரோகி செஞ்ச வேலைய! என் மடி அரிசியத் தின்னுட்டு இப்படிப் பண்ணுமா? நேத்து வரைக்கும் பட்ட வலிதானே, அதுக்குள்ள மறந்துருமா?"

உண்மையாகவே அழுதுவிடுவார் போலிருந்தது.

தாய் கோழியை வாங்கி, காயத்தில் மஞ்சளை அப்பினார். அவசரப்படாமல் அப்பி முடித்துவிட்டு, பின்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"திருமேனி ஐயா, அண்டாவுக்குள்ள தலைய விட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்காரே... அவர் பேரு என்ன?"

திருமேனி வாயைத் திறந்தார். வந்த அன்றைக்கே அந்த மனிதர் சொன்னார். சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது.