இசக்கியம்மாளின் விசில்

மாவட்டக் கபடி இறுதி ஆட்டம். மீன் விற்கும் இசக்கியம்மாள் பட்டன் போனும் காசுமாக வாசலில் நின்றாள்.

“டிக்கெட் ஸ்மார்ட்போனில்தான். காட்டாமல் யாரும் நுழைய முடியாது” என்றார் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி.

“அப்ப உங்க டிக்கெட்டைக் காட்டுங்க அண்ணாச்சி.”

செயலாளர் என்றைக்கு டிக்கெட் எடுத்தார்? “என் முகமே டிக்கெட்! வீரர்களைக் கேட்டுப் பார்.”

“கேட்டுருவோம்” என்றவள், இடுப்பிலிருந்த விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். ஊர் அணியின் ஒவ்வொரு ஆட்டத்திலும் கேலரியை எழுப்பிய விசில் அது.

உள்ளேயிருந்து ஓடிவந்த கேப்டன், செயலாளரைத் தாண்டி அவளிடம் போனான். “யக்கா, வெளிய என்ன செய்யுதிய? உங்க விசில் கேக்காம நாங்க என்னைக்குக் களத்துல இறங்கியிருக்கோம்?”

காவலாளி அவளுக்குக் கதவைத் திறந்தார். செயலாளர் பின்னாலேயே நுழையப் பார்க்க, டிக்கெட் கேட்டுக் காவலாளியின் கை குறுக்கே வந்தது.

இசக்கியம்மாள் திரும்பினாள். “விடுங்கய்யா, அண்ணாச்சி என்கூட வந்தவுகதான்.”