பஸ் ஸ்டாண்ட் குட்டையில் சூரியன்

"கண்ணு தெரியாத கேமராவை என் தலையில கட்டிட்டீங்க டீச்சர்," என்றார் ஆவுடையப்பன்.

ஜெசிந்தா டீச்சர் அவர் நீட்டிய பிரிண்டுகளை ஸ்டூடியோ வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பொதிகை மலைக்குக் கிழக்கே ஒரு ஊர். ஊரில் ஒரு பழைய பஸ் ஸ்டாண்ட். அதற்கு எதிரே அவளுடைய போட்டோ ஸ்டூடியோ. சீடருக்கு வயது அறுபது தாண்டிவிட்டது, குருவுக்கு அதில் பாதிகூட இருக்காது. குருவென்றால் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

ஆவுடையப்பன் பஸ் ஓட்டியவர். சர்வீஸ் முழுக்க மேற்கே போகிற சாயந்தர டிரிப்தான். கண்ணுக்குள் குத்துகிற சூரியனைத் திட்டாத நாள் கிடையாது.

ரிட்டயர்டு ஆன பிறகு ஒருநாள், மழை விட்ட நேரம், சும்மா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். குண்டும் குழியுமான தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதற்குள் அதே சூரியன்.

அவ்வளவுதான், மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அதைப் படம் பிடித்தே ஆக வேண்டும்.

ஜெசிந்தா ஒரு பழைய ஃபிலிம் கேமராவைக் கொடுத்தாள். தூரம் வைக்க லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். அதில் பொறித்த மூன்று பொம்மைகள். கிட்டே இருப்பதற்கு ஒரு தலை, கொஞ்சம் தள்ளி இருப்பதற்கு ஒரு கும்பல், ரொம்ப தூரத்துக்கு ஒரு மலை. வேறு ஒரு வித்தையும் அதில் கிடையாது.

கூடவே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

"மூணு ரோல் தருவேன். அதுக்குள்ள ஒரு படமாவது உருப்படியா விழணும். இல்லேன்னா கேமரா என் பீரோவுக்குப் போயிடும், நீங்க வீட்டுக்குப் போயிடலாம்."

இப்போது அவள் பார்ப்பது இரண்டாவது ரோல். மூன்றாவது கேமராவுக்குள் தீரப்போகிறது.

"சேறு ஜோரா விழுந்திருக்கு அண்ணாச்சி. பீடித்துண்டுல சுத்தின நூலுகூடத் தெரியுது."

"சூரியன்?"

"கலைஞ்சுபோன குங்குமம் மாதிரி இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். கேமராக் கோளாறு."

"வளையத்தை எதுல வச்சீங்க?"

"ஒத்தத் தலையில. குட்டை காலடியில கிடக்கு, பின்ன எதுல வைக்க?"

ஜெசிந்தா பிரிண்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். வானத்தைப் பார்த்தாள்.

"மேகம் விலகுது. வாங்க."

இருவரும் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் போனார்கள். மதியம் கொட்டிய மழையில் தரையெல்லாம் குட்டை. மலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் நின்றது.

ஆவுடையப்பன் வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எத்தனையாவது படம் என்று காட்டுகிற கேமரா நம்பரைப் பார்த்தார். ரிட்டயர்டு ஆனதிலிருந்து இந்தக் கேமரா கைக்கு வரும்வரை ஒரு சாயந்தரம்கூட அவர் இப்படி அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதில்லை. கேமரா போனால் அதுவும் போச்சு.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. சூட்சுமத்தைச் சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சூரியன் எங்க இருக்கு?"

"இந்தா, குட்டைக்குள்ள."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தானே சொல்லுதேன்."

"இன்னும் கிட்டப் போய்ப் பாருங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டை ஓரத்தில் முழங்காலிட்டார். கன்னம் தரையில் உரசுகிற அளவுக்குக் குனிந்தார். டீக்கடை சுடலைமுத்து ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

"ஒரு வேப்பிலை மிதக்கு. நரம்பு நரம்பாத் தெரியுது."

"சூரியன்?"

"கலங்கித்தான் இருக்கு. தண்ணி கலங்கல்லா."

ஜெசிந்தா குனிந்தாள். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"என்ன டீச்சர் இது? அது இல்லாம கிட்டத்துல எனக்கு ஒண்ணுமே..."

பேச்சு பாதியில் நின்றது.

வேப்பிலை மங்கிப்போய்விட்டது. அதற்குப் பின்னால் முழுசாக, உருண்டையாக, விளிம்பு பிசகாமல் சூரியன் நின்றது. பொதிகை மலை தலைகீழாகத் தொங்கியது. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காய்களைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

ஆவுடையப்பன் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தார். திரும்பக் குனிந்து குட்டைக்குள் பார்த்தார். இன்னொரு தரம் மேற்கே பார்த்தார்.

"அட மடப்பயலே, குட்டைக்குள்ள தெரிஞ்சாலும் தூரம் அதே தூரந்தானே," என்று சந்தோஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் உள்ளே திரும்பியது. நேராகக் குட்டையைப் பார்த்து வருகிறது என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் போலீஸ்காரர் மாதிரி உயர்த்தினார். பஸ் கிறீச்சென்று நின்றது.

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"ரிட்டயர்டு ஆன பிறகும் ரோட்டை விட மாட்டீரா அண்ணாச்சி?"

"கொஞ்சம் பொறும்வே. சூரியன் இறங்குது."

பொம்மைகள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவி வளையத்தைத் திருப்பினார். ஒற்றைத் தலையைத் தாண்டி, கும்பலைத் தாண்டி, அதற்கு மேல் திரும்பாத மலைவரை திருப்பினார்.

க்ளிக்.

ஃபிலிமை நகர்த்துகிற நெம்புகோல் அதோடு நகர மறுத்தது. ரோல் தீர்ந்துவிட்டது.

அவர் எழுந்து ஒதுங்கினார். பஸ் குட்டைக்குள் இறங்கிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டைம் ஆபீஸ் பக்கத்தில் இன்னொரு குட்டை இருந்தது, அங்கே ஓடினார். முழங்காலிட்டார், கேமராவுக்குள் பார்த்தார், சத்தம் வராத பட்டனை அமுக்கினார். அங்கிருந்து அடுத்த குட்டைக்கு ஓடினார். வேட்டி முழுக்கச் சேறு. பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் கையில் பையோடு அவர் பக்கத்திலேயே குத்தவைத்துத் தண்ணீருக்குள் பார்த்தார்கள்.

சுடலைமுத்து டீ கிளாஸோடு ஜெசிந்தாவிடம் வந்தார்.

"டீச்சர், மூணு ரோலும் தீர்ந்துபோச்சே. படம் விழுந்துச்சா இல்லையான்னு இன்னும் தெரியல. கேமராவைத் திருப்பி வாங்கலியா? வெறுங்கேமராவை வச்சுக்கிட்டு மனுஷன் என்னத்த எடுக்காரு?"

ஜெசிந்தா டீயை வாங்கவில்லை. பையைத் திறந்து ஒரு புது ரோலை எடுத்து சுடலைமுத்து கையில் வைத்தாள்.

"ஓடுங்க அண்ணாச்சி. வெளிச்சம் இருக்கும்போதே அவர்கிட்ட கொடுத்துடுங்க."